கீழ்ப்பழனி மலைக் காப்பித்தூள் கடை ஒன்றின் இணையதளம்: தொடங்கிய பிறகு நடந்தவை, ஒரு நிகழ்வு ஆய்வு

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை என்று காப்பி விளையும் கீழ்ப்பழனி மலை ஊர்களில் ஒன்றில் நடந்தது இது. சம்பந்தப்பட்ட குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். கடை, ஊர், ஆட்கள் எதற்கும் பெயர் தரவில்லை. அடையாளம் காட்டிவிடக்கூடிய சில்லறை விவரங்களை மாற்றியிருக்கிறேன். சிறுதொழில்களின் இணையதளங்களைப் பராமரிப்பது என் வேலை. இந்தத் தளம் என்னிடம் வந்தது 2025 ஜூலையில். அதற்கு முந்தைய கதையை குடும்பத்தாரும் தளத்தைக் கட்டிய இளைஞரும் சொன்னார்கள். சர்வர் பதிவுகளோடு அதை ஒப்பிட்டுச் சரிபார்த்தேன்.

பின்னணி

சில ஏக்கர் அரபிகா. நிழலுக்கு சில்வர் ஓக்கும் பலாவும், அவற்றின் மேல் படர்ந்த மிளகுக்கொடி. 2020 வரை, பழம் பறித்து, தோல் நீக்கிக் காயவைத்த கொட்டையைப் பட்டிவீரன்பட்டி வியாபாரிகளுக்குப் போட்டுவிடுவதுதான் வழக்கம். ஊரடங்கில் வண்டிப் போக்குவரத்து நின்றபோது, வீட்டுத் தேவைக்கு வைத்திருந்த சிறிய வறுவல் இயந்திரத்தில் தூள் அரைத்துத் தெரிந்தவர்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். தோட்டத்தைக் கணவர் பார்த்துக்கொள்ள, தூள் வியாபாரம் முழுக்க மனைவியின் பொறுப்பு. இந்தப் பதிவில் உரிமையாளர் என்று சொல்வது அவரைத்தான். மூத்தவள் மகள், இளையவன் மகன். இருவரும் அப்போது படித்துக்கொண்டிருந்தார்கள்.

2020 ஆகஸ்டில் இணையதளம் தொடங்கியது. கட்டித் தந்தவர் உரிமையாளரின் ஒன்றுவிட்ட அக்கா மகன். பொறியியல் கடைசி ஆண்டு மாணவர், கல்லூரி மூடியிருந்ததால் வீட்டிலிருந்தார். சித்திக்குச் செய்கிற வேலைக்குக் காசு வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ், அதன்மேல் விற்பனைக்கான ஊகாமர்ஸ் கடை, பணம் வாங்கும் பேமென்ட் கேட்வே, விசாரணைப் படிவம், படத் தொகுப்பு, ஓடும் பேனர் என்று இருபதுக்கும் மேற்பட்ட பிளகின்கள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்). டாட் காம் முகவரியை ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்து வாங்கினார்கள். வேலை சுத்தமாக இருந்தது. முதல் இரண்டு வருடம் சென்னை, பெங்களூரு, கோவையிலிருந்து ஆர்டர்கள் வந்தன. வாரம் இருமுறை பார்சல் கட்டி வத்தலக்குண்டு கூரியருக்கு இறக்கினார்கள்.

பின்னால் வந்த சிக்கல்களின் வேர் எல்லாம் இந்தத் தொடக்கத்திலேயே இருக்கிறது. டொமைன் (தளத்தின் டாட் காம் முகவரி), ஹோஸ்டிங் (தளம் இருக்கும் வாடகைச் சர்வர்) இரண்டையும் அந்த இளைஞர் தன் கல்லூரி மின்னஞ்சல் முகவரியில் பதிவு செய்திருந்தார். அந்த வயதில் அவரிடம் ஒழுங்காகப் பயன்பாட்டில் இருந்த முகவரி அது ஒன்றுதான். டொமைனின் பதிவுதாரர் பெயரும் அவருடையதே.

2022 கோடையில் ஒரு பிளகின் தானாகப் புதுப்பித்துக்கொண்டதும் பணம் செலுத்தும் பக்கம் நின்றுபோனது. இளைஞர் அதற்குள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பழைய பதிப்பைத் திரும்ப ஏற்றி, தானியங்கிப் புதுப்பித்தல் மொத்தத்தையும் நிறுத்தி வைத்தார். கடை அன்றே திறந்தது. அந்த நேரத்துக்கு அது சரியான முடிவு என்றே நானும் சொல்வேன். ஆர்டர் நிற்கும்போது முதலில் கடையைத் திறக்கத்தான் வேண்டும். ஆனால் நிறுத்தியதை எப்போது மறுபடி இயக்குவது என்று ஒரு தேதி குறிக்கப்படவில்லை. அன்றைக்குப் பிறகு மூன்று வருடம் அந்தத் தளத்தின் எந்தப் பகுதியும் புதுப்பிக்கப்படவே இல்லை.

மெல்லச் சேர்ந்தவை

இந்த மூன்று வருடங்களில் நடந்தவை ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம்.

கல்லூரி, படிப்பு முடிந்தவர்களின் மின்னஞ்சல் கணக்குகளை மூடியது. டொமைன் நிறுவனமும் ஹோஸ்டிங் நிறுவனமும் அனுப்பிய கடிதங்கள் எல்லாம் அதன்பிறகு யாரிடமும் போய்ச் சேரவில்லை. தளம் ஓடிய பிஎச்பி என்ற நிரல்மொழியின் 7.4 பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பர் 28-உடன் நின்றன. பதிப்பை மாற்றச் சொல்லி ஹோஸ்டிங் நிறுவனம் எச்சரித்தது அந்த மூடிய முகவரிக்குத்தான்.

2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் ஒரு விதி வைத்தது. தன் பயனர்களுக்கு மடல் அனுப்பும் எவரும், அனுப்புகிற டொமைனுக்கு மடல் போலியல்ல என்று காட்டும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் என்ற சான்றுப் பதிவுகளில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும். இந்தத் தளத்துக்கு இரண்டுமே இல்லை. தளத்திலிருந்து குடும்பத்தின் ஜிமெயிலுக்கு வந்துகொண்டிருந்த மடல்கள் முதலில் ஸ்பேம் பெட்டிக்குப் போயின. பிறகு வருவதே நின்றுவிட்டது.

இதை யாரும் கவனிக்காததற்குக் காரணம் இருக்கிறது. பணம் கட்டிய ஆர்டர்களுக்கு கேட்வேயிலிருந்து உரிமையாளரின் போனுக்குக் குறுஞ்செய்தி தனியாக வந்துவிடும். அதைப் பார்த்துப் பார்சல் போட்டுவிடுவார்கள். மாற்று வழி இல்லாமல் நின்றுபோனது விசாரணைப் படிவத்தின் மடல்கள் மட்டும். ஓட்டல்காரர், காப்பிக் கடைக்காரர், கல்யாணத்துக்கு மொத்தமாகக் கேட்பவர், எல்லோரும் எழுதுவது அந்தப் படிவத்தில்தான். அந்தப் பிளகின் வந்த செய்தியை மடலாக அனுப்பும், தன்னிடம் நகல் வைத்துக்கொள்ளாது. எனவே போனவை போனவைதான். எத்தனை போயின என்று இன்றுவரை எண்ண வழியில்லை.

2024 தொடக்கத்தில் உரிமையாளர் போனை மாற்றினார். பழைய போனில் சேமித்திருந்த தளத்தின் பாஸ்வேர்ட் அதோடு போய்விட்டது. மகள் ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா’ என்ற இடத்தை அழுத்திப் பார்த்தாள், மடல் வரவில்லை. மடல் போக்குவரத்து அறுந்துவிட்டது என்பதற்குக் கையில் கிடைத்த முதல் அடையாளம் அதுதான். ஆனால் அவர்கள் அதைப் பாஸ்வேர்ட் சிக்கலாகப் பார்த்தார்கள், தளத்தின் சிக்கலாகப் பார்க்கவில்லை.

விளைவு, விலையை மாற்ற முடியவில்லை. அந்த ஆண்டு காப்பி விலை ஏறிய வேகம் தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். 2024 டிசம்பரில் உலகச் சந்தையில் அரபிகா 1977-இன் உச்சத்தையும் தாண்டியது. பட்டிவீரன்பட்டியில் கொட்டையாகப் போட்டாலே நல்ல விலை கிடைத்த நாட்களில், தளத்தில் பழைய விலைக்கே தூள் விற்றுக்கொண்டிருந்தது. பணம் கட்டிவிட்டவரிடம் மறுபடி கேட்பது முறையல்ல என்று உரிமையாளர் அத்தனை பார்சலையும் அதே விலைக்கு அனுப்பினார். சில பழைய வாடிக்கையாளர்கள் தாங்களாகவே வித்தியாசத்தைச் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள்.

அக்கா மகனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். “ரெண்டு தடவ சொன்னேன் தம்பி. பார்க்குறேன் சித்தின்னான். வேலைக்குப் போற பிள்ளைய எத்தனை தடவ கேக்குறது? காசு குடுத்திருந்தா உரிமையாக் கேக்கலாம்,” என்றார். இந்த நிகழ்வில் நான் கேட்டவற்றிலேயே முக்கியமான பேச்சு அது. இளைஞரிடம் பிறகு பேசினேன். அவருக்கு அக்கறை இல்லாமல் இல்லை. சித்தி மறுபடி கூப்பிடவில்லை, எனவே சரியாகியிருக்கும் என்று நினைத்திருக்கிறார். இருவருமே மற்றவருக்குச் சிரமம் தரக்கூடாது என்று ஒதுங்கியிருக்கிறார்கள்; தளத்தை யாரும் பார்க்கவில்லை.

2025 ஜூலை: வெளியே தெரிந்தது

மதுரை வாடிக்கையாளர் ஒருவர் கடையின் பெயரைக் கூகுளில் தேடி, வந்ததைப் படம் பிடித்து அனுப்பினார். உரிமையாளர் என்னை அழைத்தது அதன் பிறகுதான். “கடைப் பேரத் தேடுனா ஏதோ சீனாக்காரன் எழுத்து வருதாம் தம்பி. நம்ம தளத்தத் திறந்தா நல்லாத்தான் இருக்கு.”

அது ஜப்பானிய எழுத்து. வேர்ட்பிரஸ் தளங்களில் நெடுநாளாக நடந்துவரும் ஊடுருவல் வகை இது. பழுதான பிளகின் வழியாக உள்ளே நுழைகிறவர்கள், அந்தத் தளத்தின் முகவரியிலேயே கைப்பை, காலணி போன்ற போலிச் சரக்குகளுக்கான ஜப்பானியப் பக்கங்களை ஆயிரக்கணக்கில் உண்டாக்குகிறார்கள். கூகுளின் தேடுநிரல் வந்தால் அந்தப் பக்கங்களைக் காட்டும். சாதாரண ஆள் நேராகத் திறந்தால் பழைய முகப்பையே காட்டும். உரிமையாளருக்குத் தளம் நன்றாகத் தெரிந்தது அதனால்தான். தன் கடையைத் தான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

உள்ளே பார்த்தபோது கிடைத்தவை: படங்கள் மட்டும் இருக்க வேண்டிய கோப்புறையில் பிஎச்பி கோப்புகள், யாரும் உருவாக்காத ஒரு நிர்வாகிக் கணக்கு, சர்வருக்கு வழிகாட்டும் எச்டி ஆக்சஸ் (.htaccess) கோப்பில் அந்நியமான வரிகள். தேடலில் தன் தளம் எப்படித் தெரிகிறது என்று தள உரிமையாளருக்குக் காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலைத் திறந்தால், தளத்தின் உரிமையாளர் பட்டியலில் நமக்குத் தெரியாத ஒருவரும் இருந்தார். சரிபார்ப்புக் கோப்பு ஒன்றைச் சர்வரில் போட்டு அவர் தன்னை உரிமையாளராக நிறுவியிருந்தார். நான் நீக்கிய ஒரு கோப்பு சிறிது நேரத்தில் திரும்பி வந்ததிலிருந்து, குறித்த நேரத்தில் தானாக இயங்கும் நேரக்கட்டளை ஒன்று எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும் தெரிந்தது.

இதைவிட என்னைக் கலங்க வைத்தது டொமைனின் காலாவதித் தேதி. 2025 ஆகஸ்ட் கடைசி. ஐந்து ஆண்டுக்கு வாங்கியது முடிய ஒரு மாதத்துக்குச் சற்று மேல்தான் இருந்தது. நினைவூட்டல்கள் மூடிய கல்லூரி முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. தானாகப் புதுப்பிக்கும் வசதி இயக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அதில் கொடுத்திருந்தது இளைஞரின் மாணவர் காலத்து டெபிட் கார்டு, அது காலாவதியாகியிருந்தது. கார்டு உயிரோடு இருந்திருந்தாலும் உறுதி சொல்ல முடியாது. கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் புதிய ஒப்புதல் முறையைக் கட்டாயமாக்கியது. அதன்பின் பழைய தானியங்கிப் பிடித்தங்கள் பல சத்தமில்லாமல் நின்றுபோயின.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் வேலை டொமைன். குடும்பத்துக்கு இது வியப்பாக இருந்தது. கூகுளில் கடைப் பெயர் அசிங்கப்பட்டுக் கிடக்கும்போது அதை விட்டுவிட்டு வேறு எதையோ செய்கிறேனே என்று மகள் வருத்தப்பட்டாள். கெட்டுப்போன தளத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கட்டலாம். முகவரி கைவிட்டுப் போனால் அப்படி இல்லை. காப்பித்தூள் பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க எண்ணுக்குக் கீழே இந்த முகவரிதான் அச்சாகியிருக்கிறது. அச்சடித்த பாக்கெட்டுகள் மூட்டையாக இருப்பில் இருந்தன. டாட் காம் முகவரி காலாவதியானால், பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்க இடமிருக்கலாம். பிறகு 30 நாள் கூடுதல் கட்டணத்தோடு மீட்கும் காலம், கடைசி 5 நாள் யாரும் தொட முடியாத காலம், அதன்பின் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அவகாசம் இருப்பது போலத் தெரிந்தாலும், கணக்குக்குள் நுழையவே வழியில்லாத நிலையில் அது அவகாசமே அல்ல.

இளைஞர் முழுமையாக ஒத்துழைத்தார். தன் அடையாள அட்டை, 2020-இல் பணம் கட்டிய ரசீது இரண்டையும் பதிவு நிறுவனத்துக்கு அனுப்பி, கணக்கின் மின்னஞ்சலை மாற்றச் செய்தார். காலாவதிக்குச் சில நாட்கள் இருக்கும்போதுதான் கணக்கு திறந்தது. உடனே புதுப்பித்தோம். பிறகு அதே நிறுவனத்திலேயே உரிமையாளர் பெயரில் ஒரு கணக்குத் திறந்து டொமைனை அங்கே நகர்த்தினோம். விலை குறைவாக உள்ள வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகலாமா என்ற பேச்சும் வந்தது. வேண்டாம் என்றேன். பதிவுதாரர் பெயர் மாறியதும் 60 நாட்களுக்கு வெளி நிறுவனத்துக்கு மாற்ற முடியாதபடி பூட்டு விழக்கூடும். நெருக்கடியின் நடுவில் இன்னொரு தெரியாத படியைச் சேர்க்க நான் விரும்பவில்லை.

எத்தனை ஆண்டுக்குப் புதுப்பிப்பது என்பதில் ஒரு விவாதம். ஐந்தாண்டுக்கு மொத்தமாகக் கட்டியதால்தான் எல்லோரும் மறந்தார்கள் என்பது என் எண்ணம். ஆண்டுதோறும் கட்டினால் ஒரு வருடம் தவறினாலே ஆபத்து என்பது மகளின் எண்ணம். இரண்டும் சரி. இப்போது ஐந்தாண்டுக்குக் கட்டிவிட்டு, ஒவ்வொரு வருடமும் ஆடிப்பெருக்கு கழிந்த வாரத்தில் ஓராண்டைச் சேர்த்துக்கொண்டே போவது என்று முடிவானது. இடையில் யாருமே சேர்க்காமல் விட்டால் முடிவது 2030 ஆகஸ்டில். “குறிஞ்சி கடைசியா 2018-ல பூத்துச்சு. 2030தான் அடுத்த குறிஞ்சி வருஷம். அது மறக்காது,” என்றார் உரிமையாளர்.

அடுத்து, எதையும் அழிக்கும் முன் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் முழுமையாக நகலெடுத்தோம். ஹோஸ்டிங் நிறுவனம் சில வாரத்து பேக்கப் மட்டுமே வைத்திருந்தது. அத்தனையிலும் ஊடுருவல் இருந்தது. நல்ல வேளையாகத் தோட்டத்துப் படங்களின் மூலங்கள் மகளின் போனில் பத்திரமாக இருந்தன.

சுத்தம் செய்து அதே தளத்தைத் தொடர்வதா, புதிதாகக் கட்டுவதா? நாங்கள் அதிக நேரம் பேசியது இதைத்தான். சுத்தம் செய்வது முடியாத காரியம் அல்ல. ஆனால் மூன்று வருடப் பாக்கிப் புதுப்பிப்புகள், ஊடுருவியவர் மறுபடி நுழைய விட்டுவைத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாத பின்வாசல், இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கும்போது ‘சுத்தம்’ என்று கையெழுத்திட்டுத் தர என்னால் முடியாது. அதைவிடப் பெரிய கேள்வி, சுத்தம் செய்தபின் அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது.

குடும்பத்தின் வருடத்தை எடுத்து வைத்துப் பார்த்தோம். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மின்சாரமும் சிக்னலும் நம்ப முடியாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பழம் பறிப்பு. வீட்டில் ஒருவருக்கும் மூச்சுவிட நேரமில்லை. அது முடிந்ததும் மிளகு. ஊகாமர்ஸ் கடைக்கு வாரந்தோறும் கவனிப்பு வேண்டும். பிளகின் புதுப்பிக்க வேண்டும், அதற்குமுன் பேக்கப் எடுக்க வேண்டும், பிறகு ஒரு சோதனை ஆர்டர் போட்டுப் பார்க்க வேண்டும். வியாபாரம் மும்முரமாக இருக்கும் நான்கைந்து மாதம் இதைச் செய்ய இந்த வீட்டில் ஆள் கிடையாது. மாதக் கட்டணத்துக்கு என்னிடமே விடலாம். ஆனால் இந்த அளவு விற்பனைக்கு அந்தச் செலவு நியாயமில்லை என்பதை நானே சொன்னேன்.

பழைய ஆர்டர்களைப் புரட்டினால், திரும்பத் திரும்ப வாங்குபவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே வாட்ஸ்அப்பில்தான் கேட்கிறார்கள், யுபிஐ-யில் பணம் போடுகிறார்கள். எனவே தளத்தைச் சுருக்குவது என்ற முடிவுக்கு வந்தேன். தரவுத்தளம் இல்லை, உள்நுழைவு இல்லை, பிளகின் இல்லை. ஐந்து பக்கங்கள், வெறும் கோப்புகளாக. ‘ஆர்டர்’ என்பதை அழுத்தினால் வாட்ஸ்அப் திறக்கும்.

மகளுக்கு இதில் உடன்பாடில்லை. “நைட்டு பதினோரு மணிக்கு வாங்குறவங்க வாட்ஸ்அப்ல பதிலுக்கு உக்காந்திருக்க மாட்டாங்கண்ணா,” என்றாள். அது உண்மை, தளத்திலேயே பணம் கட்டி வாங்கும் வசதியை எடுத்தால் அந்த வகை வாங்குபவர்களில் ஒரு பகுதியை இழப்போம் என்று ஒப்புக்கொண்டே முடிவெடுத்தோம். உரிமையாளர் சொன்னதுதான் தீர்ப்பாக அமைந்தது. “கவாத்து பண்ண முடியாத செடிய வளர விட்டா காய்ப்பும் இல்ல, பூச்சியும் ஏறும். நம்ம கைக்கு எட்டுற உசரத்துல வச்சுக்குவோம்.”

மகள் விடாப்பிடியாக நின்று வென்ற ஒரு விஷயம் விலை. விலையைத் தளத்தில் போட்டே ஆக வேண்டும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்றால் பாதிப் பேர் போய்விடுவார்கள் என்றாள். எனவே விலைப்பட்டியலை ஒரு கூகுள் ஷீட்டில் வைத்து, பக்கம் அதைப் படித்துக் காட்டும்படி செய்தேன். போனிலிருந்தே மாற்றலாம். மாற்றிய தேதி விலைக்கு மேலே தெரியும்.

மற்றவை சுருக்கமாக. எல்லாப் பாஸ்வேர்டுகளும் மாற்றப்பட்டன, இரட்டைச் சரிபார்ப்பு போடப்பட்டது. தளத்தைக் கேட்வேயோடு இணைத்த பழைய ரகசியச் சாவிகள் ரத்து செய்யப்பட்டன. சர்ச் கன்சோலில் இருந்த அந்நியரை நீக்கினோம், அவருடைய சரிபார்ப்புக் கோப்பையும் அழித்தோம். கோப்பை விட்டுவைத்தால் அவர் திரும்பவும் தன்னைச் சேர்த்துக்கொள்வார். ஜப்பானியப் பக்கங்களின் முகவரிகள் ஒரே அச்சில் இருந்ததால், அந்த அச்சில் வரும் எல்லாவற்றுக்கும் ‘நிரந்தரமாக நீக்கப்பட்டது’ என்று பொருள்படும் 410 பதிலைக் கொடுத்தோம். டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் போட்டோம். கணினிச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சேர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது. அவர்களுக்கும் மின்னஞ்சலில் விவரம் அனுப்பினோம்.

வாடிக்கையாளர்களிடம் சொல்வதா என்பதில் உரிமையாளர் தயங்கினார். கார்டு விவரம் எதுவும் தளத்தில் இருந்ததில்லை. அது கேட்வேயோடு முடிந்துவிடும். ஆனால் பெயர், விலாசம், போன் எண் எல்லாம் தரவுத்தளத்தில் இருந்தன. யாராவது எடுத்திருந்தால் கடையின் பெயரைச் சொல்லிப் பணம் கேட்க முடியும். சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நான் உறுதியாக நின்றேன். மகள் எழுதிய நாலு வரிச் செய்தி வாட்ஸ்அப்பில் போனது: எங்கள் பழைய தளத்தில் அத்துமீறி நுழைந்திருக்கிறார்கள், எங்கள் பெயரில் வேறு எண்ணிலிருந்து யார் பணம் கேட்டாலும் தராதீர்கள், சந்தேகம் என்றால் பாக்கெட்டில் உள்ள எண்ணுக்குப் பேசுங்கள். கோபித்துக்கொண்டவர் யாருமில்லை. நன்றி சொன்னவர்கள் பலர்.

பின் நடந்தவை

புதிய தளம் ஆகஸ்டிலேயே ஏறியது. கூகுளில் கடைப் பெயரைத் தேடினால் முதல் பக்கம் சில வாரங்களில் சுத்தமானது. ஆழத்தில் இருந்த ஜப்பானியப் பக்கங்கள் கரைய அறுவடைக் காலம் வரை ஆனது. இதில் வேகப்படுத்த அதிகம் வழியில்லை. அவசரப்பட்டு ஏதேதோ செய்பவர்கள் நல்ல பக்கங்களையும் சேர்த்து மறைத்துவிடுவதை வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன்.

இரவு நேரப் புதிய வாடிக்கையாளர்கள் குறைந்தது உண்மை. மகள் சொன்னபடியே நடந்தது. அதற்கு எதிர்ப்பக்கத்தில், மொத்தக் கொள்முதல் விசாரணைகள் மறுபடி வரத் தொடங்கின. அவற்றில் ஒருவர் கோவையில் காப்பிக் கடை வைத்திருப்பவர். 2024-இல் இருமுறை படிவத்தில் எழுதியும் பதில் இல்லாததால் குடகிலிருந்து வாங்க ஏற்பாடு செய்துகொண்டதாகச் சொன்னார். அந்த ஏற்பாட்டை மாற்றவில்லை. இப்போது மிளகு மட்டும் இங்கிருந்து வாங்குகிறார். படிவத்தில் தொலைந்தவர்களில் நமக்குத் தெரியவந்தவர் இவர் ஒருவர்தான்.

அறுவடை நடுவில் ஒரு தடங்கல். ஷீட்டில் விலை மாற்றும்போது தலைப்பு வரிசை தவறி அழிந்து, விலைப் பக்கம் வெறுமையாகிவிட்டது. வாடிக்கையாளர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. அதன்பின் இரண்டு மாற்றங்கள் செய்தோம். தலைப்பு வரிசையைப் பூட்டினோம். ஷீட்டைப் படிக்க முடியாவிட்டால் வெற்றிடத்துக்குப் பதில் கடை எண் தெரியும்படி வைத்தோம்.

தளத்தின் விவரங்கள் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டில் இருக்கின்றன. டொமைன் எங்கே, எந்த மின்னஞ்சலில், எப்போது முடிகிறது, ஹோஸ்டிங் எங்கே, மீட்பு எண் யாருடையது, உடைந்தால் யாரைக் கூப்பிடுவது. பாஸ்வேர்டுகள் அதில் இல்லை, அவை தனி உறையில். நோட்டு பட்டாவும் சிட்டாவும் இருக்கும் பெட்டியில்தான் இருக்கிறது. மாதக் கணக்கை ஆடிட்டருக்கு அனுப்பும் நாளில் தளத்தையும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டார்கள். புதிதாக ஒரு நாளைக் குறித்திருந்தால் பறிப்புக் காலத்தில் அது நிச்சயம் விட்டுப்போயிருக்கும். அன்று செய்வது கொஞ்சம்தான். வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் தளத்தைத் திறப்பது. கடைப் பெயரைக் கூகுளில் தேடி, வரும் முடிவுகளைக் கண்ணால் பார்ப்பது. கடை முகவரிக்கு வேறு மின்னஞ்சலிலிருந்து ஒரு மடல் அனுப்பி, அதற்குப் பதிலும் அனுப்பி, இரண்டும் போய்ச் சேருகின்றனவா என்று பார்ப்பது. விலைத் தேதி பழசாக இருக்கிறதா என்று பார்ப்பது. பார்த்தவர் நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திடுகிறார்.

அக்கா மகனுக்கு ஆண்டுக்கு ஒரு தொகை தருவது என்று உரிமையாளர் பிடிவாதமாக ஏற்பாடு செய்தார். அவர் மறுத்தார், பிறகு ஏற்றுக்கொண்டார். டொமைன் புதுப்பித்தல், https முகவரிக்குத் தேவையான பாதுகாப்புச் சான்றிதழின் கண்காணிப்பு, வருடாந்திர நகல் மூன்றும் அவர் பொறுப்பு. அவர் செய்யாவிட்டால் இப்போது சித்தி கேட்கிறார்.

மறுபடி செய்தால் மாற்றுபவை

தளம் கட்டி முடித்த நாளிலேயே டொமைனும் ஹோஸ்டிங்கும் தொழில் நடத்துபவரின் பெயரில், அவர் தினமும் திறக்கும் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். கல்லூரி, அலுவலக முகவரிகள் எக்காரணம் கொண்டும் கூடாது. கட்டுபவர் உறவினராக இருந்தால் இதை இன்னும் கண்டிப்பாகச் செய்ய வேண்டும், ஏனென்றால் உறவுக்குள் பிறகு கேட்பது கடினம்.

விசாரணைப் படிவம் வைப்பவர்கள், மடல் போகாவிட்டாலும் செய்தியின் நகல் தளத்துக்குள் தங்கும்படி அமைக்க வேண்டும். இந்தக் குடும்பத்துக்குப் படிவமே வேண்டாம் என்றாகிவிட்டது. வேண்டும் என்பவர்களுக்குச் சொல்கிறேன். ஊடுருவலால் வந்த அவமானம் சில மாதத்தில் போனது. பதில் கிடைக்காமல் போனவர்கள் திரும்பி வரவில்லை.

தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்த நேர்ந்தால், மறுபடி இயக்கும் தேதியை அதே நாளில் எழுதிவைக்க வேண்டும். உடைந்த ஒரு பிளகினை மட்டும் நிறுத்தி மற்றவற்றை ஓடவிட வேர்ட்பிரஸ் 5.5 முதல் வசதி இருக்கிறது; 2022-இல் அதைச் செய்திருந்தாலே பெரும்பாலான ஓட்டைகள் அடைபட்டிருக்கும்.

பாதுகாப்புச் சான்றிதழ் இந்த நிகழ்வில் சிக்கல் தரவில்லை, ஹோஸ்டிங்கில் தானாகப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. இனி அதையும் கவனிக்க வேண்டியிருக்கும். சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுளைப் படிப்படியாகக் குறைத்து 2029-இல் 47 நாட்களாக்க முடிவாகியிருக்கிறது. கையால் புதுப்பிப்பவர்களுக்கு அது நடக்கிற காரியமல்ல. இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட், காலாவதி நினைவூட்டல் மடல்களை 2025 ஜூனில் நிறுத்திவிட்டது.

நிலுவையில் ஒன்று இருக்கிறது. விலை ஷீட் இன்னும் மகளின் சொந்தக் கணக்கில்தான் உள்ளது. மேற்படிப்புக்காக அவள் கோவைக்குப் போகிறாள். மாதப் பார்வையைத் தம்பி எடுத்துக்கொள்கிறான். அவள் கிளம்பும் முன் ஷீட்டைக் கடையின் கணக்குக்கு மாற்ற வேண்டும், அதன்பின் ஒருமுறை தம்பி தனியாக விலையை மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறோம்.